கெந்தாவின் முதல் குரல்

மா சூவின் குரல் செய்தி வந்தபோது நான் யாங்கோனில், தாமுவே சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மா சூ ஒரு காலத்தில் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருந்த பெண். இப்போது ஜப்பானிலேயே வேலை பார்க்கிறாள். எப்போதும் சிரித்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பாள். இந்தச் செய்தியில் அந்தச் சிரிப்பு இல்லை. "அக்கா, இட்சுயோ சான் போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள்.

மீன்காரம்மா செதில் சீவுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"கூட வேலை பாத்தவங்க. இறந்துட்டாங்க."

"ஒரே ஆபீஸா?"

"இல்ல, அவங்க ஜப்பான்ல. ரெண்டு பேரும் ஒரே பையனுக்குப் பேசினோம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு துண்டு மீனைக் கூடுதலாகப் போட்டு, பையை என் கையில் மெதுவாகக் கொடுத்தார்.

இதைப் படிக்கும் லான்மடாவ் ஒலிப்பதிவுக் கூடத்து நண்பர்களுக்கு இட்சுயோ ஹமமுராவை, நாம் மரியாதையாக இட்சுயோ சான் என்று கூப்பிட்டவரை, நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம்தான் இங்கே இருந்தார். அதற்குள் உங்கள் டீயைக் குடித்து, உங்கள் வேலையில் குறை சொல்லி, உங்கள் அத்தனை பேரையும் கைக்குள் போட்டுக்கொண்டு போனவர். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படகில் தீவு தீவாகத் தபால் கொண்டுபோகும் கெந்தா என்ற சின்னப் பையனின் கார்ட்டூன் தொடர் நம் ஊர்த் தொலைக்காட்சியில் பல வருடமாக ஓடுகிறது. அந்தப் பையனுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்தவர் இட்சுயோ சான். தொடக்கப் பாட்டைப் பாடியவரும் அவரே. பர்மிய மொழியில் அந்த இரண்டையும் செய்வது நான். வீட்டில் எனக்கு மரகதம் என்று பெயர், தொலைக்காட்சியில் மா மே ஸின். நம் தமிழ் ஆட்களுக்கு இப்படி இரண்டு பெயர் இருப்பது யாங்கோனில் புதிதில்லை.

நேரில் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே எனக்கு அவரைத் தெரியும். எங்கள் தொழில் அப்படி. ஒரு காதில் மூலக் குரல் ஓடும், மற்றக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் பேச வேண்டும். நாள் முழுக்க ஒருவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் சங்கதியெல்லாம் வந்துவிடும். எந்தப் பகுதியில் அவருக்குச் சளி, எதில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், எதில் இயக்குநரோடு சண்டை போட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறார் என்று என்னால் சொல்ல முடியும். பின்னால் நான் கேட்டபோது சண்டையை ஒப்புக்கொண்டார், சாப்பாட்டை மறுத்துவிட்டார்.

அவர் யாங்கோனுக்கு வந்ததற்குக் காரணம் என் வாய். கெந்தா ஒவ்வொரு பகுதியிலும் எங்கிருந்தாவது தண்ணீரில் விழுவான். விழும்போது பர்மிய வசனத்தில் அம்மா என்பதற்கு "அமே!" என்று இருக்கும். ஒரு நாள் பாய்மரத்து உச்சியிலிருந்து விழுகிறான். நான் குள்ளம். மைக் எட்டுவதற்காக ஒரு மரப்பெட்டியின் மேல் நின்றுதான் பேசுவேன். சரியாக அவன் விழும் நேரத்தில் என் பெட்டி சறுக்கியது. "அம்மாடியோவ்!" என்று சுத்தமான தமிழில் கத்திவிட்டேன். திரும்பப் பதியலாம் என்றேன். ஒலிப்பதிவு செய்யும் கோ மின், "விடுங்க மா மே ஸின், மீ போகப்போகுது" என்றார். மீ என்றால் மின்சாரம். சொல்லி முடிப்பதற்குள் போயே விட்டது. அந்த அம்மாடியோவ் அப்படியே ஒளிபரப்பானது.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் பர்மியப் பிள்ளை, சீனப் பிள்ளை என்று வித்தியாசமில்லை. சைக்கிளிலிருந்து விழுந்தால் அம்மாடியோவ், நாய் துரத்தினால் அம்மாடியோவ். அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இதுங்களுக்கெல்லாம் யாருடி தமிழ் சொல்லிக்குடுத்தது?" என்றாள். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

தயாரிப்பாளர் ஊ ஸோவுக்குச் சிரிப்பு வரவில்லை. பர்மியக் கெந்தா பாய்மரக் காட்சி நடுவில் இந்தியப் பாஷை பேசுகிறான் என்று யாரோ ஜப்பானியக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். அடுத்த தொடரைக் கொடுப்பதற்கு முன் எங்கள் வேலையைக் கேட்டுப் பார்க்க மூலக் குரல்காரரையே அனுப்புவதாக அங்கிருந்து பதில் வந்தது. ஊ ஸோ என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது. வேற பொண்ணு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். மனசுல வச்சுக்காத."

மனதில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? கல்யாணம் காட்சி இல்லாமல் அம்மாவோடு காலம் தள்ளுகிறவள் நான். அந்தப் பையன்தான் எனக்கு வாய்த்த பிள்ளை. அவனை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, டீக்கடை டிவியில் அவன் வேறு தொண்டையில் பேசுவதை உட்கார்ந்து கேட்க வேண்டிவருமே என்று இரவெல்லாம் அவன் வசனத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய நட்சத்திரம் வருகிறார் என்று ஊ ஸோ பூங்கொத்து வாங்கி வைத்திருந்தார். கேன்வாஸ் ஷூவும் ஒட்ட வெட்டிய நரை முடியுமாக, தோளில் வெந்நீர் பிளாஸ்க் தொங்க, என்னைவிடவும் குள்ளமாக ஓர் அம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். பூங்கொத்தை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு ஹெட்போனைக் கேட்டார்.

ஊ ஸோ கெட்டிக்காரர். அந்த ஒரு பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் போட்டுக் காட்டினார். இட்சுயோ சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில இடங்களில் தலையாட்டினார், ஓரிடத்தில் முகம் சுளித்தார். எல்லாம் முடிந்ததும், "பாய்மரம் எங்கே?" என்றார். மா சூ அதை மொழிபெயர்க்கவே தயங்கினாள். வேறு வழியில்லாமல் போட்டார்கள். என் அலறல் அந்தச் சின்ன அறையை அதிரவைத்தது. இன்னொரு முறை போடச் சொன்னார்.

"இது என்ன மொழி?"

"தமிழ். எங்க வீட்டுல பேசுறது" என்றேன்.

ஊ ஸோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். இட்சுயோ சான் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்குப் பர்மியமும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனால் விழுந்தது யாரென்று தெரியும். இது கெந்தா இல்லை. ஒரு பெண் பயந்துபோய் விழுகிறாள். கெந்தாவுக்குப் பயமே கிடையாது. விழும்போதெல்லாம் அவனுக்கு ஆச்சரியம்தான். அடடா, தண்ணீர் இங்கேயா இருந்தது என்று."

என் முகம் செத்துவிட்டது. அவ்வளவுதான், பையன் போய்விட்டான் என்றே நினைத்தேன். அவரோ எழுந்து வந்து என் பெட்டியைக் காலால் ஆட்டிப் பார்த்தார். அதன்மேல் ஏறி நின்று எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார்.

"அதே சொல்லைச் சொல். நல்ல சொல், வாய் பெரிதாகத் திறக்கிறது. இந்த முறை அவன் விழட்டும்."

அந்தத் துக்கடாப் பெட்டியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்று கத்தினோம். எனக்குப் பயம் தெளியட்டும் என்று அவர் என் இடுப்பைக் கிள்ளினார் என்பதை இப்போது பகிரங்கமாகச் சொல்கிறேன். எத்தனையாவது முயற்சியிலோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோ மின் விழுந்து விழுந்து சிரித்தார். "வந்துவிட்டான்" என்றார் இட்சுயோ சான். பிறகு ஊ ஸோவிடம் திரும்பி, "இவளுக்கு ஆடாத பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்றார். அடுத்த தொடர் வந்தது. நானே பேசினேன். ஊ ஸோ பார்த்து வைத்திருந்த பெண்ணுக்குக் கெந்தாவின் அக்கா வேடம் கிடைத்தது. தங்கமான பெண், இன்றைக்கும் நானும் அவளும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்.

இட்சுயோ சானின் கதையை மா சூ வழியாக, கூடத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் துண்டு துண்டாகக் கேட்டேன். மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் பொதுக் குளியல் கூடம் நடத்தியவரின் மகள். ஆட்கள் போன பிறகு வெறும் கூடத்தில் எதிரொலி நன்றாக இருக்கும் என்று அங்கேயே பாடிப் பழகினாராம். பட்டணத்துக்கு வந்து இரண்டு இசைத்தட்டு போட்டார், இரண்டும் காதல் பாட்டு. "முதலாவதை அப்பா வாங்கினார். அடுத்ததை அவரும் வாங்கவில்லை" என்றார். பிழைப்புக்குப் பெரிய கடை ஒன்றில், காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை. அங்கே அழுத குழந்தை ஒன்றைச் சமாதானப்படுத்த அதைப் போலவே பேசிக் காட்டியபோது ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். கடை முழுக்கக் கேட்டது. கேட்டவர்களில் ஒருவர் கார்ட்டூன் எடுக்கிறவர். முதலில் வாத்து வேடம் கிடைத்தது, பிறகு ஒரு நரி, பிறகு கெந்தா. அந்தத் தொடக்கப் பாட்டு ஜப்பான் முழுக்கப் பிரபலமானது. எந்த மேடையில் ஏறினாலும் அதைத்தான் கேட்டார்கள். "பையன் எனக்குச் சோறு போட்டான். அவனுடைய பாட்டு என் பாட்டுகளையெல்லாம் தின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். எண்ணெய்ப் பலகாரம் தொண்டைக்கு ஆகாதே என்றேன். "பட்டினி கிடக்கிற தொண்டையில் எந்தப் பிள்ளையும் குடியிருக்காது" என்றார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்தினம் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வைத்த மீன்குழம்பைக் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார். சேதி பரவி, வாசலில் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர் ஜப்பானிய மொழியிலும் நான் பர்மிய மொழியிலும் கெந்தாவாகவே நின்று, கடைசிப் பஜ்ஜி யாருக்கு என்று சண்டை போட்டோம். உங்களில் யார் நிஜக் கெந்தா என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. இட்சுயோ சான் யோசிக்கவே இல்லை, என்னைக் கைகாட்டினார். பிள்ளைகள் போன பிறகு தன்னுடைய பழைய காதல் பாட்டுகளில் ஒன்றைப் பாடினார். அம்மாவுக்குத் தமிழும் சந்தைப் பர்மியமும் விட்டால் வேறொன்றும் தெரியாது. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "இந்தம்மா யாரையோ வழியனுப்பிட்டு நிக்கிது" என்றாள். மா சூ அதை மொழிபெயர்த்ததும் இட்சுயோ சான் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாட்டை அதுவரை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லையாம்.

போன வருடம் அவருக்கு நெஞ்சு நோய் வந்தது. "கெந்தா இருமக் கூடாது" என்று கம்பெனியிடம் அவரே சொல்லி வேடத்தை விட்டுவிட்டார். அதன்பின் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் வாரம் ஒரு நாள் காதல் பாட்டு பாடினார். எனக்குப் பதிவு செய்து அனுப்புவார். நடுநடுவே இருமல் கேட்கும், யாரோ சூப்பு உறிஞ்சும் சத்தம் கேட்கும். குரல் மட்டும் ராணி மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில், ஜப்பானில் குரல் மாறுவதால் எல்லா நாடுகளிலும் கெந்தாவுக்குப் புதுக் குரல் தேடுகிறார்கள் என்று ஊ ஸோ என்னிடம் சொன்னார். மாதக்கணக்கில் காத்திருந்தேன். எந்த உத்தரவும் வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தையில் நான் முழுதாகக் கேட்காமல் விட்ட அந்தச் செய்தியின் மிச்சத்தை வீட்டுக்கு வந்துதான் கேட்டேன். வேடத்தை விட்ட அன்று கம்பெனியில் பிரிவு விருந்து வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று இட்சுயோ சானைக் கேட்டார்களாம். நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம், யாங்கோன் பையனின் குரலில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று எழுந்து நின்று தலைகுனிந்து கேட்டுக்கொண்டாராம். இதை என்னிடம் சொல்லக் கூடாது என்று மா சூவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றியாவது சொல்லியிருப்பேனே!

அம்மா இப்போது பெரும்பாலும் கட்டிலில்தான் இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ஒலிப்பதிவு. இட்சுயோ சான் பேசி வைத்திருந்த பகுதிகள் முடிந்துவிட்டன, முதல் முறையாக ஹெட்போனில் அவர் இருக்க மாட்டார், யாரோ ஒரு புதுப் பெண் இருப்பாள் என்பதையும் சொன்னேன்.

"அய்யோ, அந்தப் பையன இனி யாருடி பாத்துக்குவா?" என்றாள் அம்மா.

"நான் பாத்துக்கிறேன்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப அழுதுகிட்டு உக்காந்திருக்காத. மொதல்ல சாப்புடு. நாளைக்கு அவன் கத்தணும்ல."