கடைக்காரர் நம்பருக்குப் போன மெசேஜ்

அன்று அந்த அறையில் இருந்தது ஆறு பேர். நான், துணைக்கு வந்த என் நாத்தனார், மேசைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பார்த்த அம்மா, பக்கத்து நாற்காலியில் கைரேகை மெஷினோடு ஒருவர், எங்களுக்குப் பின்னால் முறைக்குக் காத்திருந்த தெலுங்குக்கார வயதான புருஷனும் பெண்சாதியும். உள்ளே போனதுமே எண்ணிவிட்டேன். ஏதாவது அவமானம் நேர்ந்தால் எத்தனை பேர் முன்னால் என்று தெரியவேண்டும் அல்லவா? எங்கே போனாலும் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

என் விதவை உதவித்தொகை ஆறு மாதமாக நின்றுபோயிருந்தது. மலைக்கோயில் அடிவாரத்தில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறேன்; அந்தக் கூலி சாப்பாட்டுக்குச் சரி. வீட்டு வாடகை உதவித்தொகையில்தான் ஓடியது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிக் கெடு வைத்துவிட்டார்.

இதற்கு முன் இரண்டு முறை அந்தத் தாலுகா அலுவலக வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். எந்த ஜன்னலில் எதைக் கேட்பது, இங்கிலீஷ் காகிதத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த முறை வாசலை ஒட்டியே ஒரு அறையில் மேசை போட்டு, இங்கிலீஷ் தெரியாதவர்கள் இங்கே கேட்கலாம் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்படியும் நான் தயங்கினேன். நாத்தனார்தான் இழுத்துப்போய் உட்காரவைத்தாள்.

அந்த அம்மா திரையைப் பார்த்துச் சொன்னார்: "விசாரிக்க ஆள் வந்தப்போ வீடு பூட்டியிருந்துச்சாம். ஆதார எடுத்துகினு நேர்ல வாங்கன்னு மெசேஜ் போயிருக்கு. நீங்க வரல, அதான் நிறுத்திட்டாங்க. மெசேஜப் பாக்கலியா?"

"இங்கிலீஷ்ல வந்திருக்கும்ங்க."

"இதுல இருக்கற நம்பர் உங்களோடதுதானே?"

"ஆங்," என்றேன்.

என்னுடையது இல்லை. மனு போட்ட அன்று, எங்கள் தெரு முனையில் நெட் சென்டர் வைத்திருந்தவரிடம் நானேதான் உங்கள் நம்பரைப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இங்கிலீஷ் மெசேஜைத் தப்பாகத் தொட்டால் பாங்கியில் இருப்பது போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். மெசேஜ் வந்தால் அவரே படித்து, "அக்கா, பணம் விழுந்திருச்சு" என்று கூப்பிட்டுச் சொல்வார்.

"சரி, ஓடிபி அனுப்பிட்டேன். வந்ததும் சொல்லுங்க," என்றார் அந்த அம்மா.

போனை எடுத்து உற்றுப் பார்த்தேன். எதுவும் வராது என்று தெரிந்தும் பார்த்தேன்.

பின்னாலிருந்து பெரியவர், "டவர் இல்லியாம்மா? வெளிய போயி மலையப் பாத்து நில்லு, கெடைக்கும்," என்றார்.

"நீ கம்முனு இருய்யா. உன் போன்ல மட்டும் இன்னா கிழிச்ச?" என்றாள் அவர் பெண்சாதி.

"வந்துச்சா?" என்றார் அந்த அம்மா.

"வந்துகினு இருக்குங்க."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா அண்ணி வந்துகினு இருக்கு? அது நெட் சென்டர்காரர் நம்பரும்மா. அவரு கடைய மூடிட்டு மெட்ராசுக்கே போய்ட்டாரு. அந்த நம்பரும் இப்ப இல்ல."

அடுத்தவர் நம்பரைக் கொடுத்தது கேஸ் ஆகுமா, போலீஸுக்குச் சொல்வார்களா என்று உண்மையாகவே யோசித்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "இதுக்கா ஆங் போட்டீங்க? ரேகை வெச்சா நம்பர மாத்திடலாம்."

சோப்புத்தூளில் என் விரல்கள் தேய்ந்து கிடந்ததால், நான்காவது முறைதான் மெஷின் ரேகையை எடுத்தது. என் நம்பர் ஏறியதும் அந்த அம்மா கேட்டார்: "உங்க தெருவுல இன்னும் யார் யாரு அவர் நம்பரக் குடுத்தது?"

மெதுவாகக் கேட்டேன். "சொன்னா அவங்களுக்கும் நிறுத்திடுவீங்களா?"

"சொல்லலைன்னாதாங்க நிக்கும்."

எனக்குத் தெரிந்த ஐந்து வீட்டைச் சொன்னேன். ஐந்து துண்டுச் சீட்டில், எந்தக் கிழமை வரவேண்டும், என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றைத் தெலுங்கில் எழுதச் சொன்னேன். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எதிர்வீட்டுக்காரி, "உன் வேலைய முடிச்சுகினு வராம எங்களையும் ஏன் மாட்டிவுட்ட?" என்று சத்தம் போட்டாள். மறு வாரம் முதல் ஆளாகப் போய் நின்றதும் அவள்தான்.

அந்த மாதத்திலிருந்து எனக்குப் பணம் வருகிறது. மெசேஜ் என் போனுக்கே வருகிறது, இங்கிலீஷில்தான். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படிக்கிறேன். முதல் பணத்தை அப்படியே வீட்டுக்காரரிடம் கொடுத்து, மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறேன். நின்றுபோன மாதங்களுக்குத் தனி மனு போடவேண்டும் என்றார்கள். அதையும் அந்த அம்மாவே தமிழில் எழுதித் தந்தார். இரண்டு மாதத்துக்கு உண்டானது வந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு இன்னும் வரவேண்டியது நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.