அம்மா கேட்ட கொஞ்ச நேரம்

ஜவ்வாது மலைக் காட்டில் மகளோடு நடந்தபோது, நனைந்த சருகின் வாசனை என்னைத் தொண்ணூறுகளின் ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கு இழுத்துப் போனது. அப்போது எனக்கு எட்டு வயது. நோயில் மெலிந்திருந்த அம்மா, திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் என்னை இங்கே கூட்டிவந்தாள். பஸ் டிக்கெட்டும் ஒரு தூக்கு புளிசாதமும்தான் செலவு. சாப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, பாறையில் கண்மூடி உட்கார்ந்தாள்.

"போலாம்மா, போரடிக்குது."

"இன்னும் கொஞ்ச நேரம்டி கண்ணு. சத்தமே இல்லாம எவ்ளோ நல்லா கீது!"

நான் அழுது அடம்பிடித்தேன். அம்மா எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தை பிறப்பதற்குள் இறந்துபோனாள்.

தனக்கென்று அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். முன்னால் போயிருந்த மகள் திரும்பிவந்து, "ஏம்மா அழுவுற?" என்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாறையில் உட்கார்ந்தேன்.