வேன் கூரைக்கு ஒரு கொட

எங்கள் வேனின் கூரையில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்கு மேல் மழைக்கு என்ன வைப்பது என்பதில்தான் என் குடித்தனமே தொங்கிக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள், விஷயத்தைச் சொல்கிறேன்.

என் கணவர் போட்டோ பிடிப்பவர். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துக்கட்டிய ஆம்புலன்ஸ் ஒன்றை பெங்களூர் ஏலத்தில் எடுத்து வீடாக்கியிருந்தார். முன்பாதியில் படுக்கைப் பலகை, அடுப்பு, நாலு பாத்திரம். பின்பாதியில் கறுப்புத் துணி கட்டி இருட்டறை. கல்யாணம் ஆனதும் என்னையும் அதில் ஏற்றிக்கொண்டார். கிருஷ்ணகிரி, ஓசூர், தளி, அஞ்செட்டி என்று சுற்றுவோம். அவர் படம் எடுப்பார், நான் கழுவுவேன். ஆறே மாதத்தில் படம் கழுவும் டெவலப்பர் மருந்தைக் கலக்குவதில் அவரைவிட என் கை சுத்தமாகிவிட்டது. இதை அவரும் ஒப்புக்கொள்வார், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு.

மாமியார் வீடு பாரூரில். நெல், கரும்பு, ஒரே கூரையின் கீழ் பதினாலு பேர். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே நான் பதினாலு பேருக்கு உலை வைக்கிற மருமகள். வேனில் நான் போட்டோக்காரி. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், அந்த வேன் எனக்கு உயிர்.

கூரை ஓட்டை காற்றுக்காக வைத்தது. கதவைச் சாத்தி, சிவப்புக் கண்ணாடி போட்ட மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் உள்ளே வெந்துவிடும். மருந்து நெடி வேறு. ஓட்டையைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு ஒரு தகர வளையம், அதன்மேல் பட்டாளத்தார் போட்ட தொப்பி ஒன்று இருந்தது. நாட்றாம்பாளையம் மேட்டில் ஏறும்போது ஒரு புளியங்கிளை அந்தத் தொப்பியைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து பிடித்தது தொல்லை. தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். காற்றில்லாமல் இவர் மயங்கி டிரேயின் மேலேயே சாய்ந்தார். மண்சட்டியைக் கவிழ்த்தோம், தளி ரோட்டின் முதல் பள்ளத்திலேயே அது நொறுங்கியது. லாரிப் பட்டறைக்காரர் ஒருவர் கீல் வைத்த மூடி காட்டி, "மழ வந்தா மூடிக்கோங்க, வெயில் வந்தா தொறந்துக்கோங்க" என்றார். மழையில்தானே ஐயா நாங்கள் உள்ளே உட்கார்ந்து வேலை செய்வோம்!

கடைசியில் ஜவளகிரியில் ஒரு கல்யாணம். ராத்திரி கழுவிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை வழியாகச் சொட்டிய தண்ணீர் கண்ணாடி பிளேட்டுகளைத் திட்டுத்திட்டாக நாசமாக்கியது. பெண்ணின் அப்பா எங்களை நிற்க வைத்துக் கேட்டார்: "கல்யாணத்த இன்னொரு வாட்டி பண்ண முடியுமாய்யா?" பிறகு மனம் இறங்கி, பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வரும் நாளில் மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த முறையும் கெட்டால் வண்டி அந்தப் பக்கமே வரக்கூடாது என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் இவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இந்த வாட்டியும் இப்டி ஆச்சுனா வண்டிய வித்துடறேன். கிருஷ்ணகிரில ஒரு ரூம் புடிச்சி கட வெச்சிக்கறேன். நீ பாரூர்ல எங்கம்மாகிட்ட இரு."

"மூடிய நான் பாத்துக்கறேன். நீங்க இஞ்சினப் பாருங்க" என்றேன்.

ஓசூர் எந்த மாகாணத்துக்குப் போகும் என்று டீக்கடைகளில் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே தெருவில் ஒரு கடையில் தமிழ், அடுத்த கடையில் கன்னடம், எதிர்க்கடையில் தெலுங்கு என்று பேசிப் போகிறவர்கள் நாங்கள். குறிப்பாக, என் கன்னடத்தின் மேல் எனக்கு அபார நம்பிக்கை.

எனக்கு வேண்டியது என்ன என்பது தெளிவாகத் தெரியும். அகலமாக விரிந்த ஒரு தகரக் குடை. மழை அதன்மேல் விழுந்து வழிந்துவிடும், அடியில் காற்று போகும். ஓசூரில் நான் தேடிப்போன தகர வேலைக்காரர் கன்னடக்காரர், வயதானவர். தமிழில் பேச வாயெடுத்தவரைக் கையமர்த்திவிட்டு நான் கன்னடத்திலேயே, "ஒந்து கொட பேக்கு" என்றேன், ஒரு கொட வேண்டும். குடையை நாங்கள் பேச்சில் 'கொட' என்போம். கன்னடத்திலும் அதே வார்த்தைதான் என்று நினைத்திருந்தேன்.

"பாயி எஷ்டு?" என்றார். வாய் எவ்வளவு என்று கேட்கிறார். ஓட்டையின் வாயைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, வளையத்துக்கு மேல் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று ஒன்றரைச் சாண் காட்டினேன்.

"நீரு சோரபாரது" என்றேன், தண்ணீர் ஒழுகக்கூடாது.

தன் கொட ஒழுகுமா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம கொட சோரோதில்லம்மா!"

இரண்டு பேருக்கும் பரம திருப்தி. மறுநாள் சாயங்காலம் போனேன். பளபளவென்று ஒரு தகரக் குடத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதென்ன?"

"கொட."

"நான் கேட்டது கொட!"

"இது கொடதானே!"

இப்படியே கொட, கொட என்று இரண்டு பேரும் கத்தினோம். தெருவே கூடிவிட்டது. பொறுக்கமாட்டாமல் நான் தலைக்கு மேல் குடை பிடிப்பதுபோல் நடித்துக் காட்டினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, கொடெ! கொடெ அன்னபேக்கு! கொட அந்தரே குடம்மா!"

குடைக்குக் கொடெ என்று சொல்ல வேண்டுமாம், கொட என்றால் குடமாம். ஒரே ஒரு எழுத்து. கூட்டம் சிரித்த சிரிப்பில் என் காது சுட்டது. புதிதாகச் செய்ய இரண்டு நாள் ஆகும் என்றார். மறுநாள் காலை நாங்கள் ஜவளகிரியில் இருக்க வேண்டும். தளிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. பாரூரின் பெரிய அடுப்பு கண்முன் வந்தது. அழுகைதான் வந்தது, ஆனால் அத்தனை பேர் முன்னால் அழுவேனா?

கோபத்தில் அந்தக் குடத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். எதற்காகச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. முகத்தை மறைக்கத்தானோ என்னவோ. உள்ளே ஒரே இருட்டு. குனிந்தால்தான் என் கால் தெரிந்தது, நிமிர்ந்தால் வெளிச்சமே இல்லை. மூச்சு மட்டும் தாராளமாகப் போய் வந்தது.

அப்படியே நின்றேன். வெளியே சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். நான் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குடை வைத்திருந்தால் மழை நின்றிருக்கும், ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் புகுந்து பிளேட்டைக் கெடுத்திருக்கும். இருட்டறைக்கு வெளிச்சமும் மழையும் ஒன்றுதான். இதை யோசிக்காமல் குடை குடை என்று குதித்த என் புத்தியை என்ன சொல்ல! குடத்தை வளையத்தின் மேல் கவிழ்த்தால் காற்று மேலேறி, திரும்பிக் கீழிறங்கி வெளியேறும். வெளிச்சத்துக்கு அப்படி வளையத் தெரியாது.

குடத்தைக் கழற்றிவிட்டு, "இதே போதும்" என்றேன், தமிழிலேயே. கூரைக்கும் குடத்தின் வாய்க்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி உள்ளே மூன்று இரும்புப் பட்டை வைக்கச் சொன்னேன். உட்புறம் முழுக்கக் கறுப்புத் தார். முதியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்து கொடுத்தார்.

காலையில் இவர் கூரையைப் பார்த்துவிட்டு, "என்னா இது, தண்ணி எடுக்கப் போறமா?" என்றார்.

"வண்டிய எடுங்க" என்றேன். வழியில் தளியில் இறங்கி, தபால்பெட்டியில் ஒரு கார்டு போட்டேன். அதை அவர் கவனிக்கவில்லை.

ஜவளகிரியில் பெண்ணும் மாப்பிள்ளையும் பட்டு உடுத்தி உட்கார்ந்தார்கள். எடுத்து முடித்து வேனுக்குள் புகுந்து கதவைச் சாத்தினோம். முதல் பிளேட்டை டிரேயில் இறக்கியதும் மழை வந்தது, சும்மா இல்லை, மலைமழை. குடத்தின் மேல் படபடவென்று விழுந்தது. அதுவரை மேதாவிபோல் இருந்தவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டிரேயை ஆட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். வெளிச்சம் இல்லை. ஒரு சொட்டு இல்லை. இவர் இருமவும் இல்லை. சிவப்பு விளக்கின் அடியில் பெண்ணின் முகம் கறுப்பும் வெள்ளையும் மாறித் துளி கறையில்லாமல் எழுந்து வந்தது. ஆறு பிளேட்டும் அப்படியே வந்தன.

கடைசிப் பிளேட்டை, படம் நிலைக்கப் போடும் ஹைப்போ மருந்தில் போட்டுவிட்டு இவர் மேலே பார்த்தார்.

"யார் சொன்ன யோசன இது?"

"நான்தான். கடையில போயி கொடதான் வேணும்னு கேட்டு வாங்கனேன்." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இவர் கையைத் துடைத்துக்கொண்டே, "எங்கம்மாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுடு. வண்டிய விக்கல, நீ பாரூருக்கு வரலன்னு" என்றார்.

"காலைலயே தளியில போட்டாச்சு" என்றேன்.