சுண்ணாம்புப் பொட்டு வைத்த வரட்டி

என் விதையைச் சுடுகாட்டில் போட்டு எரித்தது நீங்கள்தான், அம்பலகாரரே. ஊர்த் தலைவர் என்பதால் வேறு யாரும் இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையல் வேலை பார்த்தார். கடைசியாக ஊருக்கு வந்தபோது, தகரப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சீமைத் தக்காளி வைத்துக் கொண்டுவந்தார். எங்கள் பக்கம் அப்போது யாரும் அதைப் பயிர் செய்ததில்லை. கப்பலிலேயே அத்தனையும் அழுகி, வேட்டியெல்லாம் கறை.

“இதைப் போயா கடல் தாண்டிக் கொண்டாந்தீக? நாத்தம் கொடலைப் புடுங்குது.”

“ஒனக்கு ஒரு ரசம் வச்சுக் குடுக்கலாம்னு நெனச்சேன் புள்ள. குடுத்து வைக்கல. தூக்கி எறி.”

கொல்லையில் பாத்திரம் கழுவும் இடத்தில் கொட்டினேன். அவர் திரும்பக் கப்பலேறினார்.

ஐப்பசி மழையில் அந்த இடத்தில் ஏதோ முளைத்தது. களை என்று பிடுங்கப் போனேன். இலை கையில் கசங்கி ஒரு வாடை அடித்தது. இதுவரை மோந்திராத வாடை. விட்டுவிட்டேன். செடி இடுப்பளவு வந்தபோது, ரங்கூனிலிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. வாந்திபேதி. அங்கேயே எரித்துவிட்டார்களாம். ஒரு பிடி சாம்பல்கூட எனக்கு வரவில்லை.

செடி காய்த்துப் பழுத்தது. என் ஓர்ப்படியாள் வந்து பார்த்தாள்.

“என்னடி இது, ஆட்டு ஈரலாட்டம் செவந்து கெடக்கு? தின்னா உசுரோட இருப்பமா?”

“செத்தா உங்களுக்கென்ன, எனக்கென்ன?”

அவர் வைத்துத் தருவதாகச் சொன்ன ரசத்தை நானே வைத்துக் குடித்தேன். சுமாராகத்தான் இருந்தது.

கோழி கொத்திவிடும் என்று பயந்து, மிச்சப் பழங்களை ஒன்று விடாமல் விதைக்குப் பறித்தேன். பூசணி, சுரை விதையை எப்படி வைப்போமோ அப்படியே சாணியில் பொதிந்து, வரட்டியாகத் தட்டிச் சுவரில் அப்பினேன். அடுப்பெரிக்க யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அந்த வரட்டிகளுக்கு மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வைத்தேன். பங்குனியில் செடி காய்ந்துபோனது. அவர் என்று சொல்ல எனக்கு மிஞ்சியது அந்தச் சுவர்தான்.

அந்த மாதம் உங்கள் தாயார் இறந்தார்கள். சாவுக்கு வீட்டுக்கு வீடு வரட்டி கொடுப்பது ஊர் வழக்கம். நான் இல்லை என்று சொல்லியிருக்கமாட்டேன். நான் ஊருணிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தபோது, உங்கள் ஆட்கள் வந்து சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பொட்டு வைத்ததைத்தான் முதலில் எடுத்தார்கள். அந்தம்மா வெகுநாளாக இழுத்துக்கொண்டு கிடந்ததால், அவர்களுக்கென்று நான் ஒதுக்கி வைத்தது என்று நினைத்தார்களாம். திரும்பி வந்து பார்த்தால் சுவரில் வட்டம் வட்டமாகத் தடம் மட்டும்.

ஓடினேன். ஊருணிக் கரையில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பொம்பளை சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. அங்கிருந்தே புகையைப் பார்த்தேன். புருஷனை எரித்த புகையை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் முடிந்து, மந்தையில் ஊர் கூடியிருந்தபோது, என் விதை வரட்டியை ஏன் கேட்காமல் எடுத்தீர்கள் என்று வந்து கேட்டேன். நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்ன சொன்னீர்கள்?

“பொணத்துக்கு நாலு வரட்டி குடுக்க மனசில்லாதவ, வெதை கிதைன்னு கதை சொல்றா.”

எல்லாரும் சிரித்தார்கள். என் ஓர்ப்படியாளும் சிரித்தாள்.

அதன் பிறகு ஒவ்வோர் ஐப்பசியும் பாத்திரம் கழுவும் இடத்தில் குனிந்து பார்க்கிறேன். கீரை முளைக்கிறது, குப்பைமேனி முளைக்கிறது. அது முளைக்கவில்லை. ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் சுடுகாட்டுக்கே போய்ப் பார்த்தேன். எருக்குதான் நின்றது. இப்போது காரைக்குடிச் சந்தையில் தக்காளி வருகிறது என்கிறார்கள். வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அது யார் கொண்டுவந்ததோ, எனக்கு எதற்கு?

உங்களுக்கும் வயதாகிவிட்டது. உங்களுக்கும் என் சுவரிலிருந்து வரட்டி வரும். நானே பெயர்த்துத் தருவேன். அதற்கு முன்னால் அதே மந்தைக்கு வாருங்கள். அன்றைக்குச் சிரித்தவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: என் வரட்டியைக் கேட்டு எடுத்தீர்களா, கேட்காமல் எடுத்தீர்களா?