சிரிப்பதற்கு ஆள் கூப்பிட்டேன்

என் கணவர் துபாயில் வேலை செய்கிறார். லெப்பைக்குடிக்காட்டில் நானும் மகளும் மாமியார், நாத்தனாருடன் இருக்கிறோம். மகளுக்கு அடிக்கடி வீசிங் வரும். ஒருமுறை ஆட்டோ கிடைக்காமல் அவள் மூச்சுத் திணறியதைப் பார்த்த பிறகுதான் ஸ்கூட்டி கற்றுக்கொண்டேன்.

லைசென்ஸ் வாங்க, கால் ஊன்றாமல் வண்டியில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். காலி மனையில் ஆளில்லாத நேரத்தில் தவறாமல் போட்டு வந்தேன். தேர்வில் வரிசையில் நின்றவர்கள் பார்த்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக நினைத்ததே தவறோ என்று குழம்பி, வண்டியை மூடி வைத்தேன்.

ஆனால் தனியாக ஓட்டும்போது எட்டு வந்ததே, ஆட்கள் பார்த்தால்தானே தடுமாறுகிறேன் என்று மனம் கேட்டது. மாமியாரையும் நாத்தனாரையும் காலி மனைக்கு அழைத்து, "நல்லா கிண்டல் பண்ணுங்க" என்றேன்.

"காலு எதுக்கும்மா கீழ வருது? தரை எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார் மாமியார்.

"மதினி, இது எட்டு இல்ல, முட்டை!" என்றாள் நாத்தனார்.

அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் அழுகை வந்தது. போகப்போக, அவர்கள் சிரிக்கும்போதே வண்டியைத் திருப்பப் பழகினேன். மூன்றாவது தேர்வில் கால் ஊன்றவில்லை. அடுத்து வீசிங் வந்தபோது, மாமியார் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, நானே மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்றேன்.

பள்ளி விழாவில் பேச மகளைத் தயார்செய்யும்போது முன்பெல்லாம் கதவைச் சாத்துவேன். இப்போது எல்லோர் முன்னாலும் பேசவைக்கிறேன். நடுவில் மறந்து விழிக்கிறாள். நான் செய்வது சரிதானா என்று உறுத்தத்தான் செய்கிறது. எடுத்துக்கொடுக்காமல் காத்திருக்கிறேன். அவளே முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.