உப்புக்காற்றுப் படாத மெத்தை

புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்று கிழித்தபோது எழுந்த இரசாயன வாடை, நாயாற்றுக் கடற்கரையில் முன்பிருந்த எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை வெயிலில் காய்ந்து வரும் மணத்தை நினைவில் கொண்டுவந்தது.

கரையில் வலை, கருவாடு, அப்பா உடுத்தும் சாரம் எல்லாமே கடற்பக்கம்தான் காயும். அந்தப் பழக்கத்தில் அப்பா ஒருமுறை மெத்தையையும் கொண்டுபோய்க் கவிழ்த்துவைத்த வள்ளத்தின்மேல் விரித்துவிட்டார். அம்மா ஓடினார்.

“இஞ்சாருங்கோ, உப்புக்காத்துப் பட்ட பஞ்சு மாரியில தண்ணி குடிக்கும், தூக்குங்கோ!”

அதன்பிறகு அது வீட்டின் பின்புறம், கடற்காற்று மறைகிற இடத்தில், பாயின்மேல்தான் காய்ந்தது. பூவரசந்தடியால் குழந்தையைத் தட்டுவதுபோல அம்மா தட்டுவார், கட்டிபட்ட பஞ்சை விரல்களால் பிரித்துவிடுவார், மற்ற இரவுகளில் கடலில் கிடக்கும் அப்பா, ஞாயிறு தொழிலில்லாததால் வீட்டில் படுக்கும் சனி இரவுக்காகச் சனிதோறும் அதைப் புரட்டிப்போடுவார். கடலால் வந்த அப்பா கிணற்றில் குளிக்காமல் அதன் ஓரத்தில்கூட உட்கார முடியாது. கலியாணத்துக்கு வாங்கிய மெத்தை, நான் வளர்ந்த பிறகும் பள்ளம் விழாமல் கிடந்தது.

போரில் இடம்பெயர்ந்த அன்று உழவு இயந்திரப் பெட்டியில் அதற்கு இடமிருக்கவில்லை. அப்பா வாசலில் நின்று அவசரப்படுத்த, அம்மா உள்ளே மெத்தையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“இண்டைக்குச் சனிக்கிழமையெல்லே. வந்து மற்றப் பக்கத்தில படுப்பம்.”

திரும்பி வந்தபோது வீட்டின் அத்திவாரம் மட்டுமே இருந்தது. அதே காணியில் கட்டிய இந்த வீட்டில், புது மெத்தையைக் கட்டிலில் போட்டதும், அம்மா எழுந்துபோய்க் கடற்பக்க யன்னலைச் சாத்தினார்.