பெரியம்மாவின் இரண்டாவது இரத்தம்

அது தேநீர் கொண்டுபோவதற்காக வாங்கிய பச்சை நிறத் தெர்மோஸ் குடுவை. அன்று அதற்குள் ஐஸ் துண்டுகளை நிரப்பி, நடுவில் பஞ்சு சுற்றிய சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றை வைத்திருந்தோம். குழாயின் அடியில் என் பெரியம்மாவின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெளிர்மஞ்சள் நீர், ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. தலவாக்கலை ஸ்டேசனில், கண்டிப் பக்கம் போகும் வண்டியில், எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர் அதைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி வளைவில் மறையும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கே திம்புள்ள மலையில் ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை, அவளை ஒருநாளும் காணாத யாரோ ஒருவர் கண்டியில் இருந்துகொண்டு சொல்லப்போகிறார். அதை நினைக்க எனக்கு மேல் சிலிர்த்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. சுற்றுத் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் நான் தாதியாக வேலை பழகிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்காள். அம்மா போனபின் என்னைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தவர். மலையில் கொழுந்தெடுக்கும்போது நடு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல ஒரு பாரம், இடது கை முழுக்கக் கடுப்பு, பனிக்காற்றிலும் சேலை நனைய வேர்வை. கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாராம். கூட இருந்த பெண்கள்தான் கைத்தாங்கலாக எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கட்டிலில் படுத்ததுமே, “வாயுதாண்டி. சுக்கு தட்டிப்போட்டுக் குடிச்சா எறங்கிரும்” என்றார். பல வருடங்களுக்கு முன் என் பெரியப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். தோட்டத்தில் வாயுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வலியும் நின்றது. மறுநாள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனவரைக் கம்பளியில் தூக்கிக்கொண்டுதான் எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உருவம், மெதுவான பேச்சு. நோயாளி பேசும்போது இடையில் குறுக்கிடவே மாட்டார். பெரியப்பா போன கதையை நான் சொல்லி முடித்தபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இதயத்தைப் படம் பிடிக்கும் கருவி ஒன்று ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்தது. அதில் எடுத்த கோடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். “இதிலை ஒண்டும் தெளிவில்லை. இல்லையெண்டும் சொல்லேலாது, இருக்கெண்டும் சொல்லேலாது” என்றார். பிறகு எனக்கு ஒன்று விளங்கப்படுத்தினார். இதயத்தின் தசையில் ஒரு பகுதி இரத்தமில்லாமல் செத்துப்போனால், அந்தத் தசைக்குள் இருக்கும் ஒரு பொருள் கசிந்து உடம்பு முழுக்க ஓடும் இரத்தத்தில் கலந்துவிடும். கையில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தத்திலேயே அதை அளந்துவிடலாம். வெளிநாட்டில் கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன, இப்போது கண்டியிலும் பார்க்கிறார்கள் என்றார். நெஞ்சைத் திறக்காமல் நெஞ்சின் காயத்தைப் பார்ப்பதா? பெரியப்பா இறந்த நாளில் உலகத்தில் எந்த மருத்துவருக்கும் தெரியாத ஒன்று, அவருடைய மனைவி படுத்த நாளில் ஒரு ரயில் பயணத் தூரத்தில் இருந்தது.

இரத்தத்தை எடுத்ததும் அப்படியே அனுப்ப அவர் விடவில்லை. ஆடாமல் அசையாமல் உறையவைத்து, மேலே தெளிந்து நின்ற நீரை மட்டும் தன் கையாலேயே பிரித்தார். சிவப்பணுக்களுக்குள்ளும் அதே பொருள் இருக்கிறது, வண்டியின் குலுக்கலில் அவை உடைந்தால் இரத்தம் பொய் சொல்லிவிடும் என்றார்.

மறுநாள் கண்டியிலிருந்து தொலைபேசியில் பதில் வந்தது. அளவு சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை. நான் சாமியைக் கும்பிட்டேன். பெரியம்மா கட்டிலைவிட்டுக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “நாந்தான் அப்பவே சொன்னேன்ல. நோவு நின்னுபோச்சுங்க டாக்டரம்மா. மழ பேஞ்சு கொழுந்து முத்திக் கெடக்குங்க. என்னய அனுப்பிவிடுங்க.”

டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தொங்கிய அந்தக் கால்களைத் தன் கையாலேயே தூக்கி மறுபடி மெத்தையில் வைத்தார். “அம்மா, காயம் பட்ட உடனை அது இரத்தத்திலை தெரியாது. கசிஞ்சு வர நேரமெடுக்கும். நாங்கள் நேற்று எடுத்தது நீங்கள் வந்த கையோடை. இண்டைக்கு இன்னொருக்கா எடுப்பம்.”

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. படத்திலும் இல்லை, இரத்தத்திலும் இல்லை, வலியும் இல்லை. வாசலில் காய்ச்சல்காரர்கள் பாயில் படுத்துக்கிடக்கும்போது வலியில்லாத ஒருவருக்குக் கட்டில் எதற்கு என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. “நாளைக்கும் ஒண்டுமில்லையெண்டு வந்தால் நானே கூட்டிக்கொண்டு போய் அவவின்ரை வீட்டிலை விடுறன். அதுவரைக்கும் கட்டில் என்ரை பொறுப்பு” என்றார். குடுவை மறுபடியும் மலையிறங்கிப் போனது.

இரண்டாவது பதில் வந்தபோது தொலைபேசிக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். கண்டியிலிருந்து சொன்ன எண்ணை டாக்டரம்மா திருப்பிச் சொன்னார். மறுபடி ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தார். தொலைபேசியை வைத்துவிட்டு அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினார். முந்திய நாளின் அளவைப்போலப் பலமடங்கு ஏறியிருந்தது. “இதயத்திலைதான் பிள்ளை. பெரிய காயம்” என்றார். அவர் நினைத்தது சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியின் சாயலே அந்த முகத்தில் இல்லை. நான் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெரியம்மா பக்கத்துக் கட்டில்காரியோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் வலியின் சுளிப்பில்லை, மூச்சில் இரைப்பில்லை. அந்தச் சிரிப்புக்குக் கீழே இதயத்தின் ஒரு பகுதி செத்துக்கிடக்கிறது என்று யார்தான் சொல்ல முடியும்? அவருக்கே தெரியாத உண்மையை அவருடைய இரத்தம் கண்டிவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தது.

அடுத்த நாள் முற்பகல் நான் நாடி பிடித்துக்கொண்டிருந்தேன். தட்டித் தட்டி வந்த நாடி திடீரென்று தப்பியது. பிறகு தாறுமாறாக ஓடியது. பெரியம்மாவின் கண்கள் மேலே செருகின. நான் போட்ட கூச்சலில் டாக்டரம்மா ஓடிவந்தார். ஊசிமருந்து முன்னதாகவே தட்டில் தயாராக இருந்தது. இரண்டாவது பதில் வந்ததும் அவர் செய்துவைத்த ஏற்பாடு அது. மருந்தை மிக மெதுவாக ஏற்றியபடியே அவர் என் பெரியம்மாவின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அந்த விரலை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடி ஒழுங்குக்கு வந்ததை அவர் சொல்லி நான் அறியவில்லை. அவருடைய தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்து அறிந்தேன். வெளியே எங்கோ தோட்டத்துத் தப்பு மேளம் கேட்டது. முதல் பதிலை நம்பி அனுப்பியிருந்தால், அந்நேரம் அவர் கூடை நிறையக் கொழுந்தோடு மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்திருப்பார். பெரிய டாக்டர் மத்தியானம் வந்து கட்டிலின் காலடியில் நின்றார். போகும்போது, “அந்தக் கட்டிலை யாரும் கேட்கக் கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாரக்கணக்கில் படுக்கையில் இருந்து பெரியம்மா எழுந்தார். மலைக்கு அதன்பின் போகவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. என் கல்யாணத்தை நடத்திவைத்தார், என் மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டினார். இன்று நெஞ்சு வலி என்று போனால் இரத்தத்தில் வேறொரு பொருளைத் தேடுகிறார்கள். பதில் அங்கேயே, சற்றுநேரத்தில் வந்துவிடுகிறது. போன வருடம் எனக்கும் எடுத்தார்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்று வந்தும் காத்திருக்க வைத்து மறுபடி எடுத்தார்கள். நெஞ்சு வலிக்காரர்களில் யாரை நம்பி வீட்டுக்கு அனுப்பலாம், யாரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கவேண்டும் என்று பிரிக்கும் வழி அதுதானாம். எனக்கு ஊசி குத்திய இளம் தாதிக்கு அது அன்றாட வேலை. எனக்கோ அன்றைய வியப்பு இன்னும் அடங்கவில்லை.

பெரியம்மாவுக்கும் அடங்கவில்லை. குணமான சில மாதங்களில் கண்டிக்கு வைத்தியப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். வேலை முடிந்ததும் அவர் ஸ்டேசனுக்கு வர மறுத்துவிட்டார். “என் ரத்தத்தப் படிச்சவரு யாருன்னு ஒருக்காப் பாத்துட்டு வந்துருவோம்டி” என்றார். விசாரித்துக்கொண்டு போனோம். வரிசை வரிசையாகக் குழாய்கள் நிற்கும் ஓர் அறை. வெள்ளை மேலங்கியோடு இருந்தவர் கண்டியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு முஸ்லிம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. குழாயில் மருந்து கலந்து, நிறம் மாறுவதைக் கருவியில் அளக்கும் விதத்தைக் காட்டினார். பெரியம்மா அந்தக் கருவியைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கைகளைக் குவித்தார்.

அந்த மனிதர் கூச்சத்தோடு ஓரடி பின்னால் நகர்ந்தார். “இந்த ரூமுக்கு எத்தனையோ பேருட ரத்தம் வந்திருக்கு. ஆள் வந்ததே இல்லம்மா” என்றார்.

“அப்ப நல்லாப் பாத்துக்கங்க தம்பி,” என்று பெரியம்மா முக்காட்டை விலக்கி முகத்தைக் காட்டினார். “இந்த மொகந்தான்.”